வண்டிகிட்ட சொல்லியாச்சு

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. அது பள்ளிக்கூடத்தோடு போயிற்று. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் அவன் ஃபியூஸ்தான். கார்களுக்கு மின்வேலை பார்க்கிறவன் என்பதால் வந்த பெயர் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். தொட்டதற்கெல்லாம் பட்டென்று போய்விடுகிற ஆள். போனால் லேசில் திரும்பி வரமாட்டான்.

காலையில் பல் தேய்க்கும்போதே இன்றைக்கு யார்மேல் எரிந்து விழலாம் என்று யோசித்துக்கொண்டுதான் தேய்ப்பான். பற்பசை மூடி காணாமல் போயிருந்தால் போதும், அவன் மனைவி சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள். பயந்துகொண்டு அல்ல. பதில் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிடும்.

வேலையில் கெட்டிக்காரன், அதை மறுப்பதற்கில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து மல்லாக்கப் படுப்பான். கண்ணை இறுக மூடிக்கொள்வான். விரலாலேயே ஒயர்களைத் தடவிக்கொண்டு போய், கோளாறு இருக்கிற இடத்தில் நிறுத்துவான். "கண்ணு எதுக்கு? எனக்கு விரலே போதும்" என்பான். இதை அவன் சொல்லாத ஆள் அந்தத் தெருவில் பாக்கி இல்லை. டார்ச் லைட்டை ஒரு ஆணியில் மாட்டி வைத்திருந்தான், தனக்கு அது தேவைப்படுவதில்லை என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக.

ஷெட் சாலையோரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு நேர் எதிரே இருந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, முன்னால் ஒரு கார் வட்டமடித்துத் திரும்புகிற அளவுக்குக் காலி இடம், அதற்கப்பால் இரும்பு கேட். ஷெட்டின் தரையை இரண்டாகப் பிளந்துகொண்டு மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஃபியூஸின் பேட்டரிகளும் ஒயர்ச் சுருள்களும். அந்தப் பக்கம் ஜாக்கிகள், எஞ்சின் தூக்கும் சங்கிலி, கருப்பு எண்ணெய் நிரம்பிய தட்டுகள், இவற்றுக்கு நடுவே ஸ்பானர். ஸ்பானர் மெக்கானிக். ஃபியூஸின் தங்கச்சி புருஷன். ஃபியூஸ் உலகத்தில் யாரோடும் சண்டை போடுவான், ஆனால் பேசவே மாட்டேன் என்று ஒதுக்கி வைத்தது இந்த ஒருவனைத்தான்.

ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஃபியூஸின் அப்பா பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஷெட் அது. அதில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, "இவன் என் ஃப்ரெண்டுப்பா, தங்கமான பையன்" என்று ஸ்பானரைக் கொண்டுவந்து உட்கார வைத்தவனே ஃபியூஸ்தான். அந்த வாயை இன்றைக்கும் அவன் மன்னிக்கவில்லை.

நடந்தது இதுதான். ஒரு சாயங்காலம் ஃபியூஸ் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். வழியில், தங்கச்சி வேலை பார்க்கிற அலுவலகத்துக்குப் பின்னால், மரத்தடியில் ஸ்பானரின் பழைய கார் நின்றது. பின்னால் பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. ஃபியூஸ் தெருமுனையில் நின்று பார்த்தான். அணையவில்லை. 'அடப்பாவி, பிரேக் சுவிட்ச் மாட்டிக்கிச்சு போல, பேட்டரி போயிடுமே' என்று தோன்றியது. சிநேகிதன் ஆயிற்றே, சொல்லிவிட்டுப் போவோம் என்று அக்கறையாகப் போய்க் கண்ணாடியைத் தட்டினான். கண்ணாடி இறங்கியது. சுவிட்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்பானர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மறந்து பேசிக்கொண்டிருந்தான். பக்கத்து சீட்டில் ஃபியூஸின் தங்கச்சி.

கல்யாணம் நடந்தது. ஃபியூஸ் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். அப்பா கண்ணை மூடுவதற்கு முன் வீட்டை மகனுக்கும் ஷெட்டை மகளுக்கும் எழுதி வைத்தார். நியாயமான பங்குதான். ஆனால் ஃபியூஸ் கணக்குப் போட்டது வேறு மாதிரி. ஒரு மூலை கேட்டு வந்தவன் தங்கச்சியைக் கொண்டுபோனான், பிறகு ஷெட்டையும் கொண்டுபோனான். அப்பாவின் காரியம் முடிந்த கையோடு பெயிண்ட் டப்பாவை வாங்கிவந்து, யாரையும் கேட்காமல் மஞ்சள் கோட்டைப் போட்டவன் ஃபியூஸ்தான். அன்றிலிருந்து கோட்டைத் தாண்டிக் காலும் போகவில்லை, பேச்சும் போகவில்லை.

பேசாவிட்டால் வேலை எப்படி நடக்கும்? ஒரே வண்டியில் இரண்டு பேரும் கை வைத்தாக வேண்டிய தொழில். அதற்கும் ஒரு வழி பிறந்தது. நடுவில் நிற்கிற வண்டியிடம் சொன்னார்கள்.

"வேனே, உன் ஸ்டார்ட்டரை இன்னைக்கே கழட்டினாத்தான் நாளைக்கு கியர்பாக்ஸ் ஏத்த முடியும்" என்பான் ஸ்பானர், பானெட்டைத் தட்டிக்கொண்டே.

"வேனே, அரைகுறைங்க கையில மாட்டிக்கிட்டா அப்படித்தான் அவசரப்படுத்துவாங்க. நீ பேசாம நில்லு" என்பான் ஃபியூஸ் மறுபக்கத்திலிருந்து.

ஒரு புது வாடிக்கையாளர், இவர்கள் வண்டிக்கு ஏதோ மந்திரம் ஓதுகிறார்கள் என்று நினைத்துக் கைகட்டி நின்றிருக்கிறார். எதிர் மருந்துக்கடைக்காரருக்கு இது தினப்படி பொழுதுபோக்கு. "இன்னைக்கு எந்த வண்டிக்கு அர்ச்சனை?" என்று அங்கிருந்தபடியே கேட்பார். அவரை ஃபியூஸ் நேராகவே திட்டிவிடுவான்.

இந்தப் பழக்கத்தில் ஒரு வசதி இருந்தது. வண்டியிடம் சொல்லிவிட்டால் சொன்னவன் பொறுப்பு தீர்ந்தது. காதில் போட்டுக்கொள்வதும் போட்டுக்கொள்ளாததும் மற்றவன் இஷ்டம். அப்புறம் ஏதாவது கெட்டுப்போனால், "வண்டிகிட்ட சொல்லியாச்சு" என்று இவனும், "என்கிட்ட யாரும் சொல்லல" என்று அவனும் சுத்தமாகக் கையைத் துடைத்துக்கொள்ளலாம். இப்படியே எத்தனையோ வண்டி போய் வந்தது. தங்கச்சியின் கார் வந்தபோதுதான் சனியன் பிடித்தது.

அவள் அலுவலக வேலையை விட்டு, சொந்தமாக ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். ரயிலடி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று நாள் முழுக்க ஓட்டம். போன மாதம் அந்தக் காரின் பிரேக் விளக்கு அணைய மாட்டேன் என்று அடம் பிடித்தது. பிரேக்கை மிதித்தால் எரிய வேண்டியது மிதிக்காமலே எரிந்தது. சாவியை எடுத்தாலும் எரிந்தது. கதவைப் பூட்டிவிட்டுப் போனாலும் எரிந்தது. விடிந்து பார்த்தால் பேட்டரி செத்துக் கிடந்தது.

ஃபியூஸ் வழக்கம்போல மல்லாக்கப் படுத்துக் கண்ணை மூடி, பிரேக் மிதிக்கு மேலே இருக்கிற சுவிட்சைத் தடவிக் கழற்றி வேறு மாட்டினான். பெரிய சங்கதி இல்லை, கட்டைவிரல் அளவுதான் இருக்கும். முனையில் ஒரு ஊசி. மிதி மேலே வந்து ஊசியை உள்ளே தள்ளினால் விளக்கு அணையும். காலை வைத்து மிதியை அழுத்தினால் ஊசி வெளியே வந்து விளக்கு எரியும். புதுசு மாட்டியதும் அணைந்தது. இரண்டு நாளில் திரும்ப எரிந்தது. இன்னொரு சுவிட்ச் மாட்டினான். அதுவும் இரண்டு நாள். ஒயர் உரசுகிறது என்று டிக்கி வரைக்கும் பிரித்துப் போட்டான். எல்லாம் புத்தம் புதுசாக இருந்தது. ரிலே என்றான், பல்பு மாட்டுகிற இடம் என்றான். கடைசியில், "இந்த வண்டியே அப்படித்தான். ராத்திரி ஃபியூஸைப் புடுங்கி வெச்சுடு, காலையில மாட்டிக்கோ" என்று தங்கச்சியை விரட்டினான்.

"தினமும் உன் பேரைச் சொல்லிக்கிட்டேதான் புடுங்கறேன்" என்றாள் அவள்.

அதே சமயத்தில் ஸ்பானரும் அந்தக் காரில் கிளட்ச் கேபிள் மாற்றினான். மாற்றிவிட்டு எழுந்தவன் காரிடம் என்னவோ சொன்னான். ஃபியூஸ் ரேடியோவை அலறவிட்டான்.

அன்று காலை கேட்டுக்கு வெளியே ஹாரன் நீளமாக அடித்தது. தங்கச்சி காரை உள்ளே கொண்டுவந்து, மஞ்சள் கோட்டுக்குச் சரியாகக் குறுக்கே நிறுத்தினாள். மூக்கு அண்ணன் பக்கம், வால் புருஷன் பக்கம். பின்பக்க பம்பர் உள்ளே போயிருந்தது. விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. அவள் இறங்கினாள். கழுத்தைச் சுற்றித் தாடை வரைக்கும் வெள்ளைப் பட்டை.

"என்னம்மா ஆச்சு?" என்று ஃபியூஸ் பதறிக்கொண்டு போனான்.

"கிட்ட வராதே" என்றாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்பு முழுவதையும் திருப்பி, முதலில் அண்ணனையும் பிறகு புருஷனையும் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலமே நடந்த சங்கதி. ஸ்பானருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் முகம் தூங்காத முகமாக இருந்தது.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க, ஒரு தடவதான் சொல்வேன். நேத்து பள்ளிக்கூடத்துக்கிட்ட பிள்ளைங்க ரோட்டைக் கடக்குதுன்னு பிரேக் போட்டேன். பின்னாடி வந்தவன் வந்து இடிச்சுட்டான். இறங்கிப் போய் 'கண்ணு தெரியலியா'ன்னு கத்தினேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'உங்க லைட்டு அந்தத் தெருவுலேருந்தே எரிஞ்சுக்கிட்டிருக்கு. நீங்க எப்ப நிக்கறீங்க, எப்ப போறீங்கன்னு நான் எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கறது?'ன்னான். அவன் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. அதான் எனக்கு வயித்தெரிச்சல். வீட்டுல ஒரு மெக்கானிக்கு, பொறந்த வீட்டுல ஒரு எலக்ட்ரீஷியன். எனக்கு வந்த வாழ்வைப் பாரு."

"அது வந்தும்மா, அந்த வண்டியில—" என்று ஃபியூஸ் ஆரம்பித்தான்.

"பேசாதே. பொழுது சாயறதுக்குள்ள இந்த லைட்டு அணையணும். அணையலன்னா ஷெட்டைப் பூட்டிடுவேன். தண்ணி கேன் அடுக்க இடம் வேணும்னு ஒருத்தன் நடையா நடக்கிறான், அவன்கிட்ட சாவியக் குடுத்துடுவேன். நீங்க ரெண்டு பேரும் உங்க தட்டுமுட்டுச் சாமானத் தூக்கிக்கிட்டு எங்க வேணா போய் வண்டிங்ககூடப் பேசிக்கிட்டிருங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய ஷட்டர் சாவியை எடுத்தாள். அதைக் கழுத்துப்பட்டைக்குள் செருகிக்கொண்டாள். பழைய டயர் ஒன்றை உருட்டிவந்து வாசலில் போட்டு, இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிச் சாலையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

சும்மா மிரட்டுகிறாள் என்று நினைக்கத்தான் ஃபியூஸ் ஆசைப்பட்டான். ஆனால் அவளும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள். சொன்னால் செய்துவிடுவாள். ஷெட் போனால் அவன் எங்கே போவான்? மீசை முளைத்த நாளிலிருந்து இந்தத் தரையில்தான் படுத்து எழுகிறான். வேறு ஷெட்டில் ஒருத்தனுக்குக் கீழே நிற்கிற ஆளா அவன்? நின்றாலும் இந்த வாயை எவன் ஒரு நாளைக்கு மேல் பொறுத்துக்கொள்வான்? யோசிக்க யோசிக்கப் பயமாக இருந்தது. பயம் வந்தால் அவனுக்குக் கோபமும் கூடவே வரும். வழியில் கிடந்த ஒயர்ச் சுருளை ஓங்கி ஒரு உதை உதைத்துவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்தான்.

ஸ்பானர் தன் பக்கத்தில் பம்பரைக் கழற்றித் தட்ட ஆரம்பித்தான். ஒவ்வொரு தட்டும் ஃபியூஸின் மண்டையில் விழுந்தது. வேண்டுமென்றேதான் தட்டுகிறான் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை.

மத்தியானம் தாண்டும்வரை ரிலே, பல்பு ஒயர் என்று ஒவ்வொன்றாகத் துழாவினான். கடைசியில் சுவிட்சின் ஒயரைப் பிடுங்கினான். இப்போது பின்னால் விளக்கு அணைய வேண்டும். அணைந்ததா? அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. பிரேக் விளக்கு சோதிப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவன் மிதிகிட்ட, ஒருவன் வண்டிக்குப் பின்னால். இத்தனை வருடமாக ஃபியூஸ் அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தான். மிதிக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கழியை முட்டுக்கொடுத்துவிட்டு, பின்னால் நடந்து போய்ப் பார்ப்பான். ஆனால் இன்றைக்குக் காரின் பின்பக்கம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. போய்ப் பார்க்க வேண்டுமென்றால் கோட்டைத் தாண்ட வேண்டும். கோட்டைப் போட்டவனே எப்படித் தாண்டுவான்?

வெளியே தலையை நீட்டினான். "யம்மா, கொஞ்சம் எழுந்து பின்னாடி பாத்துச் சொல்லேன்."

"எனக்குக் கழுத்து திரும்பாது" என்றாள் தங்கச்சி, சாலையைப் பார்த்தபடியே.

வேறு வழியில்லாமல் ஃபியூஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "காரே, உன் பின்னாடி லைட்டு எரியுதா?"

பம்பர் தட்டுகிற சத்தம் நின்றது.

"காரே, உன்னைத்தான்."

"கார் பேசாது" என்றாள் தங்கச்சி. "ஆளைக் கேளு."

ஃபியூஸ் படுத்தபடியே பல்லைக் கடித்தான். டேஷ்போர்டுக்கு அடியில் புழுக்கம் தாங்கவில்லை. மூக்கு நுனியில் வியர்வை. கேட்டுத் தொலைக்கலாம் என்றால் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மாப்பிள்ளை என்று அவன் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. கடைசியில் எது பழக்கமோ அதுதான் வந்தது.

"டேய். எரியுதாடா?"

பின்னால் செருப்புச் சத்தம் விளக்குக்கு அருகே வந்து நின்றது.

"இல்லடா. அணைஞ்சிடுச்சு" என்றான் ஸ்பானர்.

ஒயரை மாட்டினான். "இப்போ?"

"எரியுது."

ஆக, கோளாறு சுவிட்சுக்கிட்டதான். இதற்கு மேல் இன்னொரு சுவிட்சா? ஃபியூஸ் சுவிட்சின் முனையைத் தடவினான். ஊசியை விரலால் உள்ளே தள்ளினான். "இப்போ?"

"அணைஞ்சிடுச்சு."

விரலை எடுத்தான்.

"எரியுது."

தள்ளினால் அணைகிறது, விட்டால் எரிகிறது. சுவிட்ச் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கிறது. மிதியும் மேலே வந்துதான் நிற்கிறது. அப்படியென்றால் மிதி ஏன் ஊசியைத் தள்ளவில்லை? விரலுக்குப் பிடிபடவில்லை. விரல் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு அது போதவில்லை. அப்புறம், வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தான். எழுந்து போய் ஆணியில் இருந்த டார்ச்சை எடுத்துவந்து, திரும்பப் படுத்து, கண்ணைத் திறந்து பார்த்தான்.

மிதியின் தண்டில், ஊசி வந்து முட்ட வேண்டிய இடத்தில், வட்டமாக ஒரு ஓட்டை. ஊசி அந்த ஓட்டைக்குள் ஜம்மென்று புகுந்து நின்றது. அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பொத்தான் இருக்க வேண்டும். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. அது நொறுங்கி விழுந்துவிட்டிருந்தது. புது சுவிட்ச் மாட்டும்போதெல்லாம் ஊசி ஓட்டையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. இரண்டு நாள் மிதித்ததும் நழுவி உள்ளே போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் டிக்கி வரைக்கும் பிரித்தான்.

அப்போதுதான், போன மாதம் ரேடியோ அலறுவதற்கு முன்னால் காதில் விழுந்தது ஒரு சொல் விடாமல் ஞாபகம் வந்தது.

"காரே, உன் பிரேக் மிதியில சுவிட்ச் முட்டற இடத்துப் பொத்தான் நொறுங்கிப் போச்சு. தூள் கீழ ரப்பர் மேட்டுல கிடக்கு. கரண்டு வேலை பாக்கறவங்களுக்குக் கண்ணு இருந்தா பாத்துக்கட்டும்."

கண்ணு இருந்தா. அந்த ஒரு வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. எனக்கே சொல்லித் தருகிறானா என்று ரேடியோவைத் திருகினான். பொத்தான் சமாசாரம் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. அவன் சொல்லி நான் குனிந்து பார்ப்பதா என்றுதான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கண்ணை இன்னும் இறுக்க மூடிக்கொண்டுதான் அந்த மிதிக்கு அடியில் படுத்தான்.

டயரில் உட்கார்ந்திருந்த தங்கச்சியின் முதுகு கார்க் கதவு வழியாகத் தெரிந்தது. மனுஷன் இப்படி விறைப்பாக உட்கார்ந்தால் எவ்வளவு வலிக்கும் என்று நினைத்தான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு வெட்கமாக ஒரு கெட்ட புத்தியும் வந்தது. பழைய சாமான் டப்பாவில் ஒரு ரப்பர் அடைப்பான் இருக்கிறது. சத்தமில்லாமல் அதை ஓட்டையில் திணித்துவிட்டு, சுவிட்ச்தான் கோளாறு, மாட்டிவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. ஷெட்டும் தப்பிக்கும், மானமும் தப்பிக்கும்.

டப்பாவைத் துழாவி அடைப்பானை எடுத்தான். ஓட்டையில் வைத்து அழுத்தினான். கச்சிதமாக உட்கார்ந்தது. "இப்போ?"

"அணைஞ்சிடுச்சு."

மிதியைக் கையால் அமுக்கினான். "இப்போ?"

"எரியுது."

விட்டான்.

"அணைஞ்சிடுச்சு" என்ற ஸ்பானர், குரலைத் தாழ்த்தி, "பொத்தான்தானே?" என்றான்.

தாழ்த்தி என்ன பிரயோஜனம்? கழுத்துதான் திரும்பாது, காது நன்றாகவே கேட்கும் அவளுக்கு. டயரிலிருந்து எழுந்து, முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"எந்தப் பொத்தான்?" என்றாள் புருஷனிடம்.

ஸ்பானர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான். "மிதியில ஒரு பொத்தான். அது நொறுங்கிப் போச்சு."

"எப்போ?"

"போன மாசம். கேபிள் மாத்தும்போது பாத்தேன்."

"போன மாசமே பாத்தீங்க. ஏன் போடல?"

"கரண்டு சாமான்ல கை வெச்சா கைய ஒடிச்சிடுவேன்னு உங்க அண்ணன் ஒரு தடவ லாரிகிட்ட சொன்னாரு. அதான் நான் தொடறதில்ல. ஆனா சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

ஸ்பானர் தலையைச் சொறிந்தான். "வண்டிகிட்ட."

"என்கிட்ட ஏன் சொல்லல? ஒரே வீட்டுலதானே இருக்கோம்?"

"அண்ணனக் குறை சொல்றேன்னு நீ எகிறுவே."

அவள் அவனை விட்டாள். பாதம் பாதமாக எடுத்து வைத்து அண்ணன் பக்கம் திரும்பினாள். ஒரு அலமாரியை நகர்த்துவதுபோல் மெதுவாக இருந்தது அந்தத் திரும்பல். ஃபியூஸ் எழுந்து நின்றான். கையில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"நீ கேட்டியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ரேடியோ ஓடியது என்று சொல்லலாம். என்கிட்ட யாரும் சொல்லல என்கிற வாக்கியம் நுனி நாக்கில் தயாராக இருந்தது. அந்த வெள்ளைப் பட்டைக்கு மேல் அவள் முகம் வீங்கி, கண் சிவந்து இருந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து அவளைத் தள்ளிவிட்டபோதும் இப்படித்தான் நின்றாள்.

"கேட்டேன்" என்றான்.

"கேட்டியா?"

"கேட்டேம்மா. அவன் சொன்னான்னுதான் பாக்கல."

ஸ்பானரே அதை எதிர்பார்க்கவில்லை. தங்கச்சி கத்துவாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை.

"பிள்ளைங்க ரோட்டைக் கடந்துக்கிட்டிருந்துச்சு" என்றாள். "அவன் இன்னும் கொஞ்சம் வேகமா வந்திருந்தா என் வண்டியப் பிள்ளைங்க மேல தள்ளிக்கிட்டுப் போயிருப்பான். என் கழுத்தோட நின்னுச்சு. உங்க ரெண்டு பேருக்கும் அது புரியுதான்னுகூட எனக்குத் தெரியல." கதவைத் திறந்து காரில் ஏறினாள். "லைட்டு அணைஞ்சிடுச்சு. சந்தோஷம். சாவி என்கிட்டதான் இருக்கும்."

"பம்பர் இன்னும் மாட்டல" என்றான் ஸ்பானர்.

"நீங்களே வெச்சுக்குங்க. அதுகிட்டயும் பேசுங்க."

காரைப் பின்னால் எடுத்து, காலி இடத்தில் வட்டமடித்துத் திருப்பி, கேட்டை நோக்கிப் போனாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாலையில் ஏறுவதற்கு முன் கார் நின்றது. பம்பர் இல்லாத பின்பக்கத்தில் இரண்டு சிவப்பு விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

சாலையில் வண்டி எதுவும் வரவில்லை. ஆனாலும் அவள் போகவில்லை. விளக்கு அணையவில்லை.

ஃபியூஸ் வாசலுக்கு ஓடிவந்தான். "அய்யோ, அடைப்பான் கழண்டுக்கிச்சா? திரும்ப மாட்டிக்கிச்சாடா?"

"இல்ல" என்றான் ஸ்பானர். "கால் வெச்சிருக்கா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"கால எடுக்காம உக்காந்திருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

மரத்தடியும் சிவப்பு விளக்கும் இறங்குகிற கண்ணாடியும் ஃபியூஸின் கண்முன்னால் வந்து நின்றன. ஜிவ்வென்று ஏறியது. என்ன திமிர் இருந்தால் இதை அவனிடமே சொல்வான்? ஆனால் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஷெட் வாசலில் நின்று, அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவள் என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. அழுகிறாளோ, தண்ணி கேன்காரனுக்குப் போன் போடுகிறாளோ. ஃபியூஸ் ஜென்மத்தில் எந்த விளக்கையும் அவ்வளவு நேரம் வைத்த கண் வாங்காமல் பார்த்ததில்லை.

கார்க் கண்ணாடி இறங்கியது. ஒரு கை வெளியே நீண்டது. கையிலிருந்து என்னவோ விழுந்து மண்ணில் ணங்கென்றது. விளக்கு அணைந்தது. கார் சாலையில் ஏறிப் போய்விட்டது.

ஷட்டர் சாவி கேட்டுக்கு நடுவில் கிடந்தது.

"போய் எடு" என்றான் ஃபியூஸ்.

"நீ போய் எடு. உன் தங்கச்சிதானே போட்டுட்டுப் போனா."

"உன் பொண்டாட்டிடா அவ!"

"ஓ, இப்ப மட்டும் என் பொண்டாட்டியா? இத்தனை நாளா யாரு?"

"நாக்க அடக்கிப் பேசு. கண்ணு இருந்தா பாத்துக்கட்டும்னு சொன்னவன்தானே நீ?"

"ஆமாம் சொன்னேன். கண்ணு இல்லதானே? டார்ச் அடிச்சுத்தானே பாத்தே?"

"எதுவா இருந்தாலும் என் மூஞ்சியப் பாத்துச் சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"உன் மூஞ்சியப் பாத்தா எவனுக்குடா சொல்லத் தோணும்?"

குரல் ஏறிக்கொண்டே போனது. மரத்தடி, கல்யாணம், அப்பா, மஞ்சள் பெயிண்ட் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தது. எதிரே மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல முகத்தை நீட்டினார். இன்றைக்கு எந்த வண்டிக்கு அர்ச்சனை என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் கடையை விட்டு இறங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஷெட்டில் ஒரு வண்டிகூட இல்லை.